ஒற்றை நாய், அப்போதும் சி.சி. இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோவையில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு எங்க டாபர்மேனைக் கூட்டிட்டுப் போனோம். அந்த இனத்தில் ஆண் நாய் இவன் ஒருத்தன்தான். வகுப்பில் முதல் பரிசு கொடுத்த ஜட்ஜ், சி.சி. கொடுக்கலை. போட்டிக்கே ஆளில்லாதப்ப ஏனுங்க நிறுத்தி வைக்கணும்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதல் பரிசு வேறு, சி.சி. என்கிற சேலஞ்ச் சர்டிஃபிகேட் வேறு. வகுப்பில் முதலிடம் என்றால் அன்றைக்கு வந்து நின்றவற்றில் முந்தியது என்று மட்டும் பொருள். சி.சி.யில் கையெழுத்துப் போடுகிறவரோ, ‘இது சாம்பியன் பட்டத்துக்குத் தகுதியான நாய்’ என்று எழுதிக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கை வராவிட்டால், வந்தது ஒன்றானாலும் இருபதானாலும், தராமல் விட அவருக்கு முழு உரிமை உண்டு. அவருடைய கருத்தை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. விதி மீறப்பட்டிருந்தால் மட்டுமே எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

எங்கே இடித்திருக்கும்? முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். டாபர்மேன் ஆண் நாய்க்குத் தோள்மேட்டில் 68 முதல் 72 செ.மீ. என்பது இன இலக்கணம். நம் பக்கம் ‘சைஸ்’ பெரிதாக இருந்தால் பெருமை, 76 செ.மீ. வளர்ந்ததைக் காட்டி மீசையை முறுக்குவார்கள். நடுவர் நாய்களைப் பார்க்கிற களமான ரிங்கில் அது பெருங்குறை. அடுத்து பற்கள்: மேலே 20, கீழே 22, மொத்தம் 42. முன்கடைவாய்ப் பல் ஒன்று முளைக்காமலே போயிருப்பது வீட்டில் யார் கண்ணிலும் படாது. மூன்றாவது, ஆண் நாய்க்கு இரண்டு விதைகளும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

சி.சி. கிடைத்தபின் ஏறுகிற படிகளையும் சொல்லிவிடுகிறோம். வயதுவாரி வகுப்புகளில் வென்ற ஆண் நாய்கள் மறுபடி வரிசையில் நிற்கும். அதில் ஒன்றுக்கு சி.சி. பெண் நாய்களுக்கும் இதேபோல் தனியாக ஒன்று. இவை இரண்டும் மோதி, ஒன்று அந்த இனத்தின் சிறந்த நாயாகும். இனங்களில் வென்றவை குழுவுக்குப் போகும். இனங்களை எஃப்.சி.ஐ. என்கிற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு 10 குழுக்களாகப் பிரித்திருக்கிறது. குழு முதல்வர்களிலிருந்துதான் ‘பெஸ்ட் இன் ஷோ’. பிரிட்டிஷ் முறையில் இன்னொரு நுணுக்கம்: ஓபன் வகுப்பில் முதலில் வந்தது சி.சி.யை எடுத்துக்கொண்டால், அதே வகுப்பில் இரண்டாவதாக நின்றதும் ரிசர்வ் சி.சி.க்கு, அதாவது சி.சி.க்கு அடுத்த இடத்துக்கு, போட்டியிடலாம். அதனால் தோற்றுவிட்டோம் என்று சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு காருக்குப் போய்விடாதீர்கள்.

சாம்பியன் பட்டம் ஒரு கையெழுத்தில் வருவதில்லை. பிரிட்டனில் 3 வெவ்வேறு நடுவர்களிடம் 3 சி.சி. வேண்டும். ஒரே நடுவர் எத்தனை முறை விரும்பினாலும் அது ஒருவருடைய ரசனைதான்.

கேள்வி: ஒரு நாய்க்கு இரண்டு நிமிஷம் கூட ஜட்ஜ் செலவழிக்கிறதில்லை. அதுக்குள்ள என்னத்தைப் பார்க்கிறார்?
– வாசகி, திருப்பூர்

பதில்: அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்? பல்லைப் பிடித்து, சுழி பார்த்து, நடக்கவிட்டு, முடிந்தது. கண் பழகினால் போதும்.

முதலில் எல்லா நாய்களும் சேர்ந்து இடஞ்சுழியாக ஒரு சுற்று. நடுவர் நடுவில் நிற்பார், நாய் உங்கள் இடப்பக்கம். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லித் தொட்டுப் பார்ப்பார். பக், ஷிட்சு போன்ற சிறியவற்றை மேஜைமேல். தலை, கண், பற்கள் சேர்கிற விதம், தோள் சாய்வு, விலாக்கூடு, முதுகுக் கோடு, பின்னங்கால் மடிப்பு. மேல்பல் கீழ்ப்பல்லை உரசி மூடுவது பெரும்பாலான இனங்களுக்குச் சரி. பாக்ஸருக்குக் கீழ்த்தாடை முன்துருத்தியிருப்பதுதான் இலக்கணம்.

அடுத்து ஓட்டம். நேராகப் போய்த் திரும்பும்போது பின்னங்காலும் முழங்கையும் விலகுகிறதா, உரசுகிறதா என்பது தெரியும்; பக்கவாட்டில் ஓடும்போது எட்டும் தூரமும் முதுகின் அசைவும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சங்கிலியை மேலே இழுத்துப் பிடித்தால் முன்னங்கால் தரையை விட்டு எழும்பி, நல்ல தோள்கூடக் கெட்டதாகத் தெரியும். இன்னொன்று, ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்தாற்போல் போகிற ‘பேசிங்’. களைப்பிலும் வரும், தினமும் மெதுவாகவே நடத்திப் பழக்கினாலும் வரும். நின்று, ஒரு சிறு வட்டம் அடித்து, கொஞ்சம் வேகமாகக் கிளப்பினால் எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து போகிற குறுக்குக் காலோட்டத்துக்கு மாறிவிடும். நகம் நீண்டிருந்தால் பாதம் விரிந்து தெரியும். மூன்று வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள்.

வயது கேட்டால் வயதை மட்டும் சொல்லுங்கள். போன ஷோவில் வாங்கிய கோப்பைக் கதை வேண்டாம்.

கேள்வி: லாப்ரடாரையும் சிப்பிப்பாறையையும் பக்கத்தில் நிறுத்தி எது உசத்தின்னு எப்படிச் சொல்ல முடியும்?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதில்லை. இது அதன் இலக்கணத்துக்கு எவ்வளவு பக்கம், அது அதன் இலக்கணத்துக்கு எவ்வளவு பக்கம் என்றுதான் கணக்கு. சிப்பிப்பாறை ஓடி வேட்டையாடுகிற நாய். கடைசி விலா எலும்புகள் தெரிவது குறையல்ல. நெய்ச்சோறு போட்டுக் கொழுக்க வைத்துக் கொண்டுவருவதுதான் குறை.

கேள்வி: 25,000 ரூபாய்க்கு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கினோம். ‘பேப்பர் அப்புறம் தர்றேன்’னு சொன்னவர் இப்ப போனே எடுக்கிறதில்லை. ஷோவுக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகர், கோபி

பதில்: கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பதிவு இல்லாத நாய்க்கு சி.சி. கிடையாது. குட்டிகளை ஈற்றுவாரியாகப் பதிய வேண்டியவர் வளர்த்து விற்றவர். வாங்கியவர் தனியாக அதைச் செய்ய முடியாது. அடுத்த முறை பணம் கொடுக்கும்முன் மூன்றைப் பாருங்கள்: தாய், தந்தை இரண்டின் பதிவுச் சான்றிதழ், குட்டியின் 15 இலக்க மைக்ரோசிப் எண், உரிமை மாற்றப் படிவத்தில் விற்பவர் கையெழுத்து. சிப் எண்ணைக் கால்நடை மருத்துவரிடம் ரீடர் வைத்துச் சரிபாருங்கள்.

கேள்வி: கரூரிலிருந்து ஷோவுக்குக் காரில் போகிறோம். அன்றைக்குச் சாப்பாடு எப்படி?
– வாசகி, கரூர்

பதில்: ரிங்குக்கு நாலைந்து மணி நேரம் முன்பே அரை வயிறு போதும், நிறையக் கொடுத்தால் வண்டியிலேயே வாந்தி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, வீட்டுத் தண்ணீரையே கேனில் எடுத்துப் போங்கள். வெயிலில் மூச்சிரைத்தால் அடிவயிற்றையும் பாதங்களையும் நனைக்கலாம். முதுகை நனைத்தால் முடி ஒட்டிக்கொண்டு ரிங்கில் அசிங்கமாகத் தெரியும். குளிப்பாட்டுவதை இரண்டு நாள் முன்பே முடியுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு 21 நாளாவது ஆகியிருக்க வேண்டும். தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை வேடிக்கை பார்க்கக்கூடக் கூட்டிப் போகாதீர்கள். குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ தொற்றுநோய்க்கு நுழைவுச் சீட்டு தேவையில்லை.