லாயத்துக் கூரைமேல் அந்தக் கூண்டு எதற்கு? விக்டோரியா கால மாளிகைகள்: கேள்வி பதில்

(1837 முதல் 1901 வரை இங்கிலாந்துக் கிராமப்புறங்களில் எழுந்த மாளிகைகள், அவற்றின் குதிரை லாயங்கள் பற்றி மட்டும் கேளுங்கள். கோட்டைகளும் ஊட்டி பங்களாக்களும் என் துறை அல்ல.)

கே: சமையலறையை ஏன் சாப்பாட்டு அறையிலிருந்து அவ்வளவு தள்ளி வைத்தார்கள்? சாப்பாடு ஆறிப்போகாதா?

ப: ஆறத்தான் செய்யும். ஆனால் விருந்தாளியின் மூக்கில் கோசுக்கீரை வேகும் வாடை ஏறக்கூடாது என்பதே அவர்கள் கவலை. அதனால் இடையில் நீண்ட நடை, நடையில் ஒரு திருப்பமாவது இருக்கும். நேர்வழியாக விட்டால் வாடை கூடவே வந்துவிடும். சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் பரிமாறுவதற்கென்று ஒரு சிற்றறை வைத்து, அங்கே சூடு காக்கும் அலமாரி போட்டுச் சமாளித்தார்கள். சமையலறை ஜன்னல்கள் பெரும்பாலும் வடக்குப் பார்த்திருக்கும். அடுப்பு அனலோடு வெயிலும் சேர வேண்டாமே.

கே: 1870களில் கட்டிய வீட்டில் ஒரு ஜன்னல் செங்கல் வைத்து அடைத்திருக்கிறது. ஜன்னல் வரிக்குப் பயந்தா?

ப: ஜன்னல் வரி 1851-இல் ஒழிந்தது. இது முகப்பின் இருபக்கமும் ஒத்திருக்க வைத்த பொய் ஜன்னலாகவோ, பிறகு அடைத்ததாகவோ இருக்கும்.

கே: அக்காலத்து லாயம் ஒன்றை வீடாக மாற்றி விற்றதை வாங்கியிருக்கிறோம். உட்சுவரில் நாலடி உயரம்வரை உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து கொட்டுகிறது. நீர் புகாத சிமென்ட் பூச்சு அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

ப: அவரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். வெறும் ஈரம் என்றால் இவ்வளவு பொரியாது. பல தலைமுறைக் குதிரைகளின் மூத்திரமும் சாணமும் ஊறி நைட்ரேட் உப்பாகச் சுவரில் தங்கியிருக்கிறது. காற்றில் ஈரம் ஏறும்போது கரையும், காயும்போது படிகமாகி விரியும். அப்படி விரிவதில்தான் செங்கலின் முகம் உதிர்கிறது. மேலே சிமென்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்கு மேலுள்ள சுவருக்கு ஏறும். இன்று நாலடி, பிறகு ஆறடி.

முதலில் வெளியே பாருங்கள். மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா? வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? உயர்ந்திருந்தால் தோண்டி இறக்குங்கள். பிறகு பழைய பூச்சைத் தட்டி எடுத்து, பூத்த உப்பைத் தண்ணீர் படாமல் தூரிகையால் துடைத்து அள்ளி அப்புறப்படுத்துங்கள். கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மணல் (முனை மழுங்காத கரடுமுரடான மணல்) மூன்று பங்கு கலந்த பூச்சு அடியுங்கள். உப்பை இழுத்துக்கொண்டு அது கெட்டுப்போகும். கெடுவதற்காகவே அடிப்பது அது. உரித்துவிட்டு மறுபடி அடியுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகலாம். குளிர் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. மாளிகை பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்து, 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே அதன் வளாகத்தில் லாயம் நின்றிருந்தால், லாயமும் அந்தப் பாதுகாப்புக்குள் வரும். அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது அங்கே குற்றம்.

கே: சிமென்ட்டில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தால்?

ப: வேண்டாம்.

கே: வெள்ளைச் சிமென்ட்?

ப: அதுவும் சிமென்ட்தான். மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: லாயத்தின் உள்ளமைப்பு எப்படி?

ப: கட்டிப்போடும் அடைப்பு சுமார் ஆறடி அகலம், ஒன்பதடி நீளம். குதிரையை அவிழ்த்துவிடும் தனிக்கொட்டடி பத்து முதல் பன்னிரண்டடிச் சதுரம். தரையில் வரிவெட்டிய ஸ்டாஃபோர்ட்ஷயர் நீலச் செங்கல். குளம்பு வழுக்காது, மூத்திரமும் ஓடிவிடும். கதவு நிலையின் முனைகளை உருட்டிவிட்டிருப்பார்கள், கூர்முனையில் குதிரையின் இடுப்பு இடித்துவிடும் என்பதால். சேண அறையில் கட்டாயம் கணப்பு உண்டு. ஈரத்தில் தோல் பூசணம் பிடிக்கும். கோச்சு வண்டிகளைக் குதிரைகளோடு ஒரே காற்றில் விடமாட்டார்கள், அம்மோனியா வார்னிஷைக் கெடுக்கும்.

கே: கூரை நடுவில் கடிகாரம் வைத்த கூண்டு வெறும் பகட்டுத்தானே?

ப: இல்லை. குதிரைகளின் மூச்சுச் சூடும் அம்மோனியாவும் மேலே போக ஒரு புகைபோக்கி வேண்டும். கூண்டின் பக்கவாட்டில் சாய்வுப் பலகைகள் இருப்பது அதற்குத்தான்.

கே (அவரே): செஷயரில் உள்ள ஈட்டன் ஹால் மாளிகையைப் பாருங்கள். அத்தனை பெரிய கடிகாரக் கோபுரம். காற்றோட்டத்துக்கா?

ப: தவறான சாட்சியைக் கூப்பிட்டீர்கள். கட்டடக் கலைஞர் வாட்டர்ஹவுஸ் கட்டிய மாளிகையை 1960களில் இடித்தார்கள். தேவாலயமும் லாயமும் தப்பின. நீங்கள் சொல்லும் கோபுரம் தேவாலயத்துடையது.

கே (வேறொருவர்): பகட்டும் இருந்ததல்லவா? பண்ணை முழுக்க அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தானே வேலைக்குப் போனது?

ப: இருந்தது, மறுக்கவில்லை. வெறும் அலங்காரமாக வைத்த கூண்டுகளும் உண்டு. பிரித்தறிய ஒரே வழி, வைக்கோல் பரணுக்கு ஏறிப் பாருங்கள். லாயத்தின் உட்கூரையிலிருந்து பரணைத் துளைத்துக்கொண்டு பலகைக் குழல் ஒன்று கூண்டுவரை போனால் அது காற்றுப்போக்கி. குழலே இல்லையென்றால் முதலில் கேட்டவர் சொன்னது சரி. குழல் இல்லாத லாயத்தில் நாற்றமெல்லாம் பரணுக்கு ஏறி வைக்கோலைக் கெடுக்கும். அதனால்தான் குதிரைக்கு மேலேயே பரண் வைப்பதை அக்காலத்திலேயே பலர் கண்டித்தார்கள்.

கே: நார்தம்பர்லாந்தின் கிராக்சைடு மாளிகையில் மின்விளக்கு எப்போது வந்தது?

ப: 1878-இல் வில்விளக்கு (ஆர்க் விளக்கு), 1880-இல் கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வானின் இழைவிளக்கு (பல்பு), இரண்டும் நீர்விசையில். கூண்டு வழக்கை முடித்துவிட்டு விரிவாகப் பேசலாம்.

கே: சுவரில் செங்கற்களுக்கு இடையிலுள்ள மூட்டு மட்டும் சிமென்ட் வைத்துப் பூசினால்?

ப: நான்காவது முறை. மூட்டு செங்கலைவிடக் கடினமாக இருந்தால் செங்கல்தான் உடையும். சுண்ணாம்புச் சாந்து. மூட்டின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம் சுரண்டி எடுங்கள், வட்ட ரம்பம் வேண்டாம்.

கே (கூண்டுக்காரர்): பரணில் ஏறிப் பார்த்தேன். குழல் இல்லை. ஆனால் தரைப்பலகையில் மூன்றடிச் சதுரம் பிற்காலத்துப் பலகையால் அடைத்திருக்கிறது, கூண்டுக்கு நேர் கீழே.

ப: குழல் நின்ற இடமாகத்தான் தெரிகிறது. பலகையை இப்போது பெயர்க்காதீர்கள். கூண்டில் வௌவால் தங்கியிருந்தால் அதைக் கலைப்பதும் அங்கே குற்றம். முதலில் அதை ஆராயத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.