அழகுக்கலைப் படிப்பும் ஒதுக்கி வைத்த பாடநூலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு வயது 39. பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். நீரிழிவு நோயாளியான மாமியாரும் எங்களோடு இருக்கிறார். சென்ற ஆண்டு அழகுக்கலைப் பட்டயப் படிப்பில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். வாரத்தில் இரண்டு மாலைகளும் சனிக்கிழமையும் வகுப்பு. திரெடிங், ஃபேஷியல், வேக்ஸிங் எல்லாம் எனக்குக் கை வந்துவிட்டது என்று பயிற்சியாளரே சொல்கிறார். ஆனால் உடற்கூறு, தோல் நோய்கள், நுண்ணுயிரிகள் என்று நீளும் பாடநூலைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. வீட்டில் ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு’ என்கிறார்கள். சில வாரங்களில் செய்முறையை மட்டும் கற்றுத்தந்து சான்றிதழ் கொடுக்கும் படிப்புகளும் இருக்கின்றனவாம். அதற்கு மாறிவிடலாமா? இதையே தொடர்வதென்றால் காலையில் படிப்பது நல்லதா, இரவில் படிப்பதா? பயிற்சிக்கு எந்த நிறுவனத்தின் பொருள்களை வாங்கலாம்? ஒரு பியூட்டிஷியன் படிப்புக்காக உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்.

அன்புடன்,
கி.

அன்புள்ள கி.,

தொழில் கற்பவர்களுக்குச் செய்முறை போதும், ஏட்டுப்படிப்பு வீண் சுமை என்ற பேச்சு எல்லாத் துறைகளிலும் பரவிவருவதைப் பற்றிச் சில நாள்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வயதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. 39 வயதில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வதற்கு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. பொருள்களை உங்கள் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஆனால் கடிதத்தின் கடைசி வரி எனக்குக் கோபத்தை வரவழைத்தது. எதற்காக மன்னிப்புக் கேட்கிறீர்கள்? முன்பின் அறியாத ஒருவர் உங்கள் முன்னால் கண்களை மூடிப் படுத்துத் தன் முகத்தை உங்கள் கையில் ஒப்படைக்கிறார். அவருடைய தோலின் மேல் சூடான மெழுகையும் அமிலம் கலந்த களிம்பையும் நீங்கள் தடவப்போகிறீர்கள். இதைச் சின்னப் படிப்பு என்று நீங்களே நினைப்பதால்தான் பாடநூலைத் தூக்கிப்போடலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. கூச்சமும் குறுக்குவழியும் உங்களிடம் ஒன்றாகவே வந்திருக்கின்றன.

என் சித்தி இந்தப் படிப்பைப் படித்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். பகலில் தையல் வேலை செய்து, இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு அவர் புத்தகத்தை எடுப்பார். அவருக்குப் பாடம் ஒப்பிக்க ஆள் வேண்டும் என்பதால் நான் பக்கத்தில் உட்காரவேண்டும். முகநரம்பைப் படித்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. புருவப் பென்சிலால் என் காதுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தார். அங்கிருந்து நெற்றிப்பொட்டை நோக்கி ஒரு கோடு, கன்ன எலும்பின் மேல் ஒரு கோடு, கன்னத்தின் குறுக்கே ஒரு கோடு, தாடையின் ஓரமாக ஒன்று, கழுத்துக்கு இறங்கும் ஒன்று என்று ஐந்து கிளைகளையும் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். நான் கண்ணை இறுக மூடும்போது எந்தக் கிளை வேலை செய்கிறது, சிரிக்கும்போது எது என்று என் முகத்தைப் பார்த்தே சரிபார்த்துக்கொண்டார். ஒரு பெயர் தப்பினால் முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடியும் வரைவார்.

படிப்பை முடித்துச் சித்தி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் மேலுதட்டில் வேக்ஸிங் செய்துகொள்ள வந்தார். ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று சித்தி கேட்டதற்கு இல்லை என்றார். சித்தி அதோடு விடவில்லை. முகப்பருவுக்கு மாத்திரை ஏதும் உண்டா என்று தனியாகக் கேட்டார். ஆமாம், அதைப் போய் யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா என்பதுபோல் அந்தப் பெண் மாத்திரையின் பெயரைச் சொன்னார். அது ஐசோட்ரெடினோயின். 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, கடுமையான முகப்பருவுக்கு இன்றும் தரப்படும் நல்ல மருந்து. ஆனால் அதைச் சாப்பிடுபவரின் தோல் எளிதில் பிய்ந்துவிடும் நிலைக்கு வந்துவிடுகிறது. மெழுகை இழுக்கும்போது முடியோடு மேல்தோலும் சேர்ந்து வந்துவிடலாம், தழும்பும் விழலாம். அதனால் மருந்தைச் சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பிறகு குறைந்தது 6 மாதங்களுக்கும் வேக்ஸிங் கூடாது என்று அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. சித்தி மறுத்துவிட்டார். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைய வருமானம் சித்திக்கு மிகவும் தேவையாக இருந்த காலம் அது. வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பழைய குறிப்பேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, தான் சொன்னது சரிதானா என்று விரலை வைத்துப் படித்தார்.

நீங்கள் மாற நினைக்கும் சில வாரப் படிப்பைச் சித்தி படித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மெழுகு எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்பது தெரிந்திருக்கும். முடி வளரும் திசையில் தடவி, எதிர்த்திசையில் தோலை ஒட்டியபடி இழுக்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் அவர் பிழையின்றிச் செய்திருப்பார். அந்தத் தோல் அப்போதும் உரிந்திருக்கும். உங்கள் பயிற்சியாளர் பாராட்டும் அந்தக் கைத்திறனால் அதைத் தடுக்க முடியாது. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டதுதான் தடுத்தது; கேட்கத் தெரிந்தது அந்தத் தடித்த புத்தகத்தால்தான்.

இது ஓர் அபூர்வமான சம்பவம் என்று தள்ளிவிடாதீர்கள். முடிச்சாயத்தில் உள்ள பிபிடி என்னும் வேதிப்பொருள் முதல்முறை ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, உடல் அதை எதிரியாகப் பழகிக்கொண்ட பிறகு அடுத்த முறை முகம் வீங்கும் அளவுக்குப் போகக்கூடும். ‘போன முறை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே’ என்று வாடிக்கையாளர் சொன்னாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே பேட்ச் டெஸ்ட், அதாவது தோலில் ஓரிடத்தில் சிறிது தடவிப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்வது அதனால்தான். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அங்கே நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதை அலுப்பு என்று எண்ணி மசாஜ் செய்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பின் மேலும், குறைந்தது 7 நாள்கள் தொற்றும் திறனோடு இருக்கும். ஒருவரின் தோலில் பட்ட குச்சியை மறுபடியும் மெழுகுப் பாத்திரத்தில் விடக்கூடாது, ஒவ்வொரு முறைக்கும் புதுக் குச்சி எடுக்கவேண்டும் என்ற விதி இருப்பது தோலில் தெரியாத கீறலும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் இருப்பதால்தான். கருவியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கழுவுவது வேறு, கிருமிநாசினியில் வைப்பது வேறு, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம் வைத்து எல்லாக் கிருமிகளையும் அவற்றின் வித்துகளையும் அழிப்பது வேறு. எந்தக் கருவிக்கு எது என்பதை மனப்பாடம் செய்தால் மறந்துபோகும், காரணம் தெரிந்தால் மறக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைப் புத்தகங்களே போதிய அளவு சொல்வதில்லை. தோல் எரிச்சலடைந்தால் சிவக்கும் என்று படிக்கிறோம். கருந்தோலில் அது பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது, சற்றே கருத்தோ ஊதாநிறமாகவோ தெரியும், சில வேளைகளில் தொட்டுச் சூட்டை உணர்ந்தால்தான் தெரியும். அதைக் கவனிக்காமல் தேய்த்துக்கொண்டே போனால் எரிச்சல் ஆறிய பிறகும் கரும்படலம் மாதக்கணக்கில் நின்றுவிடும். தோல் வெளுப்பதற்காக வந்தவர் கறையோடு திரும்பிப்போவார்.

நீங்கள் திறந்தவுடன் தூங்கிவிடும் பக்கங்களில்தான் இவ்வளவும் இருக்கிறது, கி. பன்னாட்டு அளவில் மதிக்கப்படும், 1946-இல் தொடங்கப்பட்ட சிடெஸ்கோ போன்ற அழகுக்கலை அமைப்புகள் செய்முறைத் தேர்வோடு எழுத்துத் தேர்வையும் வைத்திருப்பது உங்களைப் போன்ற தாய்மார்களைத் துன்புறுத்துவதற்காக அல்ல.

திட்டியது போதும். அலுவலகம், அடுப்படி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மாமியாரின் மருந்து எல்லாம் முடிந்து இரவு நேரத்தில் புத்தகத்தைத் திறப்பவருக்குத் தூக்கம் வராமல் வேறென்ன வரும்? அது சோம்பல் அல்ல, உடம்பின் நியாயம். ஆகவே ஒரே இருப்பில் ஓர் அத்தியாயத்தை விழுங்கும் எண்ணத்தை விடுங்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி நினைவாற்றலைப் பற்றி 1885-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நாளில் 68 முறை திரும்பப் படித்ததன் பலன், மூன்று நாள்களாகப் பிரித்து 38 முறை படித்ததிலேயே கிடைத்தது என்று காட்டினார். குடும்பப் பெண்ணுக்குக் கிடைப்பதெல்லாம் துண்டு துண்டான நேரம்தான். நினைவுக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு சிறு அட்டையில் ஒரு நோயின் பெயர், அது எப்படித் தெரியும், அதற்கு எந்தச் சிகிச்சை கூடாது என்று எழுதி அலுவலகப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அன்று ஓய்வு கிடைக்கும் நேரங்களில் அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் பிள்ளையிடம் சொல்லிக்காட்டுங்கள்.

மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு சுமையைச் சொல்வதுபோல் எழுதியிருந்தீர்கள். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், வெந்நீரின் சூடும் நகவெட்டியின் கீறலும் அவருக்குத் தெரியாமல் போகலாம், காயம் ஆறவும் நாளாகலாம் என்று பாடத்தில் படிப்பீர்கள். அவர் சம்மதித்தால் நாள்தோறும் அவருடைய பாதத்தைக் கையில் எடுத்து விரலிடுக்குகளையும் நகத்தின் நிறத்தையும் குதிகால் வெடிப்பையும் பாருங்கள். பார்ப்பது மட்டும்தான், வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம். புண்ணோ நிறமாற்றமோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெடிக்யூர் பாடம் உங்களுக்கு அதற்குப் பிறகு வேறு மாதிரிப் புரியும். அவருக்கும் நாள்தோறும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தொட்டுப் பார்ப்பது பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

செய்முறைப் பதிவேட்டை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். யாருக்கு, என்ன சிகிச்சை, தோல் எப்படி இருந்தது, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதை அன்றன்றே எழுதவேண்டும். வேலையோடு படிப்பவர்களில் பலர் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நினைவிலிருந்து அதை நிரப்பப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு எழுதுபவர் நீங்கள். நாள்வழிப் பதிவின் அருமையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

காலையா இரவா என்று கேட்டிருந்தீர்கள். வீடு விழிப்பதற்கு முன் அரை மணி நேரம் கிடைக்குமானால் அதைப் புதிய பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அட்டையைப் புரட்டிவிட்டுத் தூங்குங்கள். சனிக்கிழமைகளில் வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதை உங்கள் கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள்.

குறுகிய காலப் படிப்புக்கு மாறவேண்டாம். தோல் நோய்களைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் எடுங்கள். எந்த இடம் புரியவில்லை என்று எனக்கு எழுதினால், தோல் மருத்துவரான ஒரு நண்பரிடம் கேட்டு எளிய தமிழில் விளக்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ர.