கவிழ்ந்த வண்டியைத் தூக்க யார் வருவார்?

அன்புள்ள ஐயா,

ரிமோட்டில் ஓடும், நைட்ரோமீத்தேன் கலந்த மெத்தனாலில் இயங்கும் குட்டி என்ஜின் வைத்த நைட்ரோ கார்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் உங்களிடம் கேட்கிறேன். போன வருடம் நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நைட்ரோ கார் ஒன்று வாங்கி, கிளப்பில் சேர்ந்தேன். மண் தடம். இதுவரை மூன்று போட்டிகள். ஒன்றைக்கூட முழுதாக முடிக்கவில்லை. நேர் தடத்தில் வண்டி பிரமாதமாகப் போகிறது. வளைவுக்கு வந்து திராட்டிலை (வேக விசையை) விட்டதும் என்ஜின் நின்றுவிடுகிறது. ஒருவர் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியைத் திற என்கிறார், இன்னொருவர் மூடு என்கிறார், மூன்றாமவர் 25 சதவீத நைட்ரோ ஊற்றினால் எல்லாம் சரியாகும் என்கிறார். கடைசிப் போட்டியில் மேட்டில் தாவும்போது கார் கவிழ்ந்தது. தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. வருவதற்குள் என்ஜின் அணைந்துவிட்டது.

இன்னொரு மனக்கசப்பு. போட்டியில் குழு குழுவாக ஓட்டுவோம், ஒரு குழுவின் ஓட்டம் ஒரு ஹீட். என் ஹீட் முடிந்ததும் அடுத்த ஹீட்டுக்கு நான் மார்ஷலாக, அதாவது கவிழும் கார்களைத் தூக்கிவிடுகிற ஆளாக, நிற்க வேண்டுமாம். என்ஜின் கோளாறை வைத்துக்கொண்டு, வெயிலில் போய் யாரோ ஒருவருடைய காரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்க முடியுமா? பழுது பார்க்க உட்கார்ந்துவிட்டேன். அதற்காக என்னுடைய சிறந்த ரவுண்டை ரத்து செய்துவிட்டார்கள். பொழுதுபோக்குக்கு வந்த இடத்தில் இவ்வளவு கெடுபிடியா? பேசாமல் கிளப்பை விட்டுவிட்டு, மின்சாரக் காருக்கு மாறித் தனியாக ஓட்டலாமா என்று யோசிக்கிறேன். ஊசி எத்தனை சுற்று, நைட்ரோ எத்தனை சதவீதம், இதையாவது சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

‘தூக்கிவிட ஒருவரும் வரவில்லை’ என்று எழுதுகிறீர்கள். அடுத்த பத்தியிலேயே ‘யாரோ ஒருவருடைய காரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்க முடியுமா’ என்கிறீர்கள். எழுதும்போது கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லையா? உங்கள் கார் கவிழ்ந்த இடத்தில் நிற்க வேண்டியவரும் உங்களைப்போலவே மேசையில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பார். அவருக்கும் என்ஜின் கோளாறாகத்தான் இருந்திருக்கும்.

மார்ஷல் நிற்க ஆள் கிடைப்பதில்லை என்ற பேச்சு எங்கள் கிளப்பிலும் கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. கூலிக்கு ஆள் வைக்கலாமே என்று ஒருவர் யோசனைகூடச் சொன்னார். அந்த எரிச்சலில் நான் இருக்கும்போது உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அவருக்குச் சேர வேண்டிய திட்டில் பாதி உங்களுக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்ஜினைப் பார்த்துவிடுவோம். நேர் தடத்தில் நன்றாக ஓடி, திராட்டிலை விட்டதும் நின்றால், மேல்வேகத்துக்கான ஹை-ஸ்பீட் ஊசியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஐடிலும் (திராட்டிலைத் தொடாதபோது என்ஜின் மெதுவாக ஓடும் நிலை) கீழ்வேகமும் லோ-ஸ்பீட் ஊசியின் பொறுப்பு. என்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் விட்டு, கார்புரேட்டருக்கு வரும் எரிபொருள் குழாயை விரலால் நெரியுங்கள். சத்தம் லேசாக ஏறி, இரண்டு மூன்று விநாடியில் அணைந்தால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. நெரித்ததும் பட்டென்று நின்றால் லீன், அதாவது எரிபொருள் குறைவு. நெரித்த பிறகும் வெகுநேரம் ஓடி, சத்தம் எகிறி, அப்புறம் நின்றால் ரிச், அதாவது எரிபொருள் அதிகம். லீன் என்றால் ஊசியைத் திறக்க வேண்டும், ரிச் என்றால் மூட வேண்டும். எதுவானாலும் கடிகார முகப்பில் ஒரு மணி நேரம் எவ்வளவோ அவ்வளவுதான் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டு இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். திருப்பினோம், பிடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் திருப்புவோம் என்று போனால் சாயங்காலத்துக்குள் ஊசி எங்கே இருந்தது என்பதே மறந்துபோகும்.

‘எத்தனை சுற்று’ என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. காலைக் குளிரில் சரியாக இருந்த ஊசி, வெயில் ஏறி காற்று லேசானதும் ரிச் ஆகிவிடும்.

ஊசியைத் தொடுவதற்கு முன்னால், எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 1947இல் சந்தைக்குக் கொண்டுவந்த சின்னஞ்சிறு சாமான் இது. நம் என்ஜின்களின் உயிரே அதில்தான் இருக்கிறது. உள்ளே மயிரிழை கனத்தில் ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் செய்ய மட்டும்தான் பேட்டரி. அப்புறம் மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வேதிவினையும், முந்தைய வெடிப்பின் சூடும் சேர்ந்து அந்தக் கம்பியைத் தணலாகவே வைத்திருக்கும். ஐடிலில் எரிபொருள் அளவுக்கு மேல் வந்து கொட்டினால் கம்பி குளிர்ந்துவிடும், என்ஜின் நின்றுவிடும். வளைவில் உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான். கம்பி ஈரமாகப் பளபளவென்று இருந்தால் ரிச். முறுக்கிக்கொண்டு கோணலாக இருந்தால் லீனாக ஓட்டிக் கொளுத்தியிருக்கிறீர்கள். கூடவே டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தையும், குழாய்களில் ஊசித்துளை ஏதும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காற்று உள்ளே போகிற வண்டியை எந்த ஊசியும் திருத்தாது.

இந்த நெரிப்புச் சோதனையெல்லாம் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு. ஓடுகிற என்ஜினைக் காதால் கேட்டுப் பழக வேண்டும். டிரைவர் மேடையில் நின்றால் அது வராது. அங்கே எல்லா என்ஜின் சத்தமும் ஒன்றாகக் கலந்து வரும், கண் உங்கள் காரைவிட்டு நகராது, கட்டைவிரலில் வியர்வை. வளைவுக்குப் பக்கத்தில் நாலடி தள்ளி நின்றுதான் கேட்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கார்கள், ஒவ்வொரு சுற்றும் அதே இடத்தில், அதே வேலையைச் செய்துகொண்டு போகும். திராட்டிலை விடும், பிரேக் பிடிக்கும், மறுபடி திறக்கும். ஒன்று விட்டதும் டக்கென்று இறங்கி, தொட்டதும் எழும். இன்னொன்று விட்ட பிறகும் கத்திக்கொண்டே இருந்து மெதுவாக இறங்கும், அது லீன். மூன்றாவது பொதபொதவென்று இருமி, கொத்தாகப் புகை விட்டு, தாமதமாக எழும், அது ரிச். ஒரு மதியம் முழுக்க இதைக் கேட்டவருக்கு யாரும் ஊசியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்பதற்கென்றே தடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், அந்த இடத்துக்குப் பெயர் மார்ஷல் பாயிண்ட். அங்கேதான் போக மாட்டேன் என்று நீங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தீர்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவருக்குக் காது கேட்காது. நான் கிளப்பில் சேர்ந்தபோதே அவர் பெரியவர். அப்போதெல்லாம், ஒன்றோடொன்று மோதாமல் தானே அலைவரிசையைப் பார்த்துக்கொள்ளும் இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் கிடையாது. ஒவ்வொரு ரேடியோவிலும் (ரிமோட்டிலும்) அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் இருக்கும், ஒரே அலைவரிசையில் இருவர் சுவிட்ச் போட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கார் சுவரில் போய் மோதும். அதனால் ஒரு பலகையில் அலைவரிசைக்கு ஒன்றாக கிளிப்புகள் மாட்டியிருக்கும். உங்கள் எண்ணுள்ள கிளிப் கையில் இல்லாமல் ரேடியோவைத் தொடக் கூடாது. பலகைக்குப் பக்கத்தில் அவர் நாற்காலி. கிளிப் எடுக்காமல் சுவிட்சில் கை வைத்தவனை அவர் திட்டுவது மைதானத்தின் மறுகோடி வரை கேட்கும். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொள்வோம். அவருக்கு நன்றாகவே தெரியும் என்பது என் கணிப்பு.

அவர் புகையைப் பார்த்துத்தான் என்ஜின் டியூன் செய்வார். வெப்பம் பார்க்கும் கன் எல்லாம் அவரிடம் இல்லை. பிட்டுக்கு (தடத்தோரம் காரைப் பார்க்கும் இடத்துக்கு) வந்த காரின் ஹெட் மேல், அதாவது என்ஜினின் உச்சியில், விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பார். சொட்டு சும்மா உட்கார்ந்திருந்தால் என்ஜின் குளிர்ந்து கிடக்கிறது. விழுந்ததும் சுரீரென்று மறைந்தால் கொதிக்கிறது. கொப்பளித்துக்கொண்டே மூன்று நாலு விநாடியில் வற்றினால் தலையை ஆட்டி, போ என்பார். இன்று கன் வைத்துப் பார்த்தால் நூறு டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டிக் காட்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தன் ஹீட் முடிந்ததும் பெரியவர் இரட்டை மேட்டுக்குப் பின்னால் போய் நிற்பார். கார்கள் அதிகம் கவிழ்வது அங்கேதான். ஒருநாள் என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரு கார் மேட்டைத் தாண்டி இறங்கியது. மோவாயால் காட்டினார். பின்னால் வழக்கமாக இழைகிற நீலப் புகை இல்லை. “ரெண்டு சுத்து” என்றார், அவர் பாணியில், மைதானத்துக்கே கேட்கும்படி. இரண்டாவது சுற்றில் அந்த கார் எங்கள் எதிரிலேயே உருண்டு வந்து நின்றது. எண்ணெய் எரிபொருளோடு கலந்துதான் என்ஜினுக்குள் போகிறது, எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது என்று அர்த்தம், புகை என்பது அந்த எண்ணெய்தான். ஏதோ புத்தகத்தில் நானும் இதைப் படித்திருந்தேன். படித்தது என்ன என்று அந்தச் சத்தம் நின்ற இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. பெரியவர் காரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பழையபடி மேட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சரி, மார்ஷலுக்கு வருகிறேன். நைட்ரோ கார் கவிழ்ந்தால் என்ன ஆகிறது தெரியுமா? டேங்கில் எரிபொருளை உறிஞ்சும் வாய் அடியில் இருக்கிறது. வண்டி தலைகீழானால் அந்த வாய் மேலே வந்துவிடும், எரிபொருள் மூடிப் பக்கம் போய்விடும். என்ஜின் காற்றைக் குடித்து, சில விநாடிகளில் அணையும். மின்சாரக் கார் ஒரு நிமிடம் கவிழ்ந்து கிடந்தாலும் தூக்கி வைத்ததும் ஓடிவிடும். நம் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அணைந்துவிட்டால் பிட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஸ்டார்ட்டர் பாக்ஸில் வைத்து மறுபடி கிளப்ப வேண்டும், அதற்குள் போட்டி போய்விடும். ஆக நைட்ரோ போட்டியில் உங்கள் முடிவைத் தீர்மானிக்கிறவர்களில் ஒருவர், உங்களுக்கு முந்தின ஹீட்டில் ஓட்டிய, பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதர். அவருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள், அந்தக் கடனை அடுத்த ஹீட்காரருக்குத் திருப்பித் தருகிறீர்கள். இதில் கெடுபிடி எங்கே இருக்கிறது? சிறந்த ரவுண்டை வெட்டுவது பல கிளப்புகளில் இருக்கிற நடைமுறைதான். என்னைக் கேட்டால் குறைவான தண்டனை.

போய் நின்றால் மட்டும் போதாது. உங்கள் பகுதியை மட்டும் பாருங்கள், நண்பனின் கார் எங்கே என்று கழுத்தைத் திருப்பாதீர்கள். போனைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். கார் கவிழ்ந்ததும் பாய்ந்து ஓடாமல், முதலில் வருகிற வண்டிகளைப் பாருங்கள். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள சாமான் அறுபது கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கணுக்காலில் மோதினால் எலும்பு தாங்காது. தூக்கும்போது ஹெட்டையும் புகை போகும் பைப்பையும் தொடாதீர்கள். ஓடும் திசையில், இடைவெளி பார்த்துத் தரையில் வையுங்கள். மற்ற கார்களுக்குக் குறுக்கே விட்டீர்களானால் ஒருவரைக் காப்பாற்றி மூவரைக் கெடுத்ததாகும். அணைந்த வண்டியைத் தடத்தைவிட்டு வெளியே வைத்துவிட்டு உங்கள் இடத்துக்குத் திரும்பி வாருங்கள். அங்கேயே குனிந்து அதைப் பழுது பார்க்காதீர்கள். அந்த ஆசை உங்களுக்கு வரும், எனக்குத் தெரியும்.

தனியாக ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். சிக்னல் அறுந்து, முழு திராட்டிலில் ஒரு கார் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஃபெயில்சேஃப் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை வைத்திருந்தால், காருக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர் தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும். ஆனால் ரிசீவர் பேட்டரியே கழன்றுவிட்டால் ஃபெயில்சேஃபும் செத்துவிடும், கார்புரேட்டரை இழுத்து மூடுகிற ஸ்பிரிங் மட்டும்தான் மிச்சம். அந்த ஸ்பிரிங் மாட்டியிருக்கிறதா? பதில் தெரியாவிட்டால் தனியாக எங்கும் ஓட்டாதீர்கள். மின்சாரத்துக்கு மாறுவதானால் தாராளமாக மாறுங்கள். அந்தக் கிளப்பிலும் மார்ஷல் நிற்கச் சொல்வார்கள்.

மூன்று போட்டியையும் முடிக்காமல் வீடு திரும்புவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மற்றவர்கள் லேப் டைம் பற்றிப் பேசிக்கொண்டு சாமான்களைப் பெட்டியில் வைக்கும்போது, பேச ஒன்றும் இல்லாமல் சக்கரத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பது கொடுமை. அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். டேங்கைக் காலி செய்து, என்ஜினை ஓடவிட்டு உள்ளே மிச்சமிருக்கும் எரிபொருளையும் தீர்த்துவிடுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். துருவைத் தடுக்கும் ஆஃப்டர்-ரன் எண்ணெய் சில சொட்டு என்ஜினுக்குள் விட்டு, ஃப்ளைவீலைத் திருப்பி பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் குழலான லைனர் மேலே குறுகலாக இருக்கும், பிஸ்டன் அங்கே நின்று குளிர்ந்தால் இறுகிக்கொள்ளும். ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தேய்த்து மாட்டுங்கள். மண் தடத்தில் என்ஜினைக் கொல்வது ஊசியைவிடத் தூசிதான்.

நைட்ரோ சதவீதம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். உங்கள் கிளப்பில் பெரும்பாலானவர்கள் எதை ஊற்றுகிறார்களோ அதையே ஊற்றுங்கள். எரிபொருளை மாற்றினால் ஊசியையும் மறுபடி பிடிக்க வேண்டும், இருக்கிற குழப்பம் போதாதா? அடுத்த போட்டிக்கு மூடிய ஷூ போட்டுக்கொண்டு போங்கள். ஒரு ஜோடி கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பைப்பைத் தொட்டுக் கொப்புளம் வந்துவிட்டது என்று அதற்கும் எனக்கு ஒரு கடிதம் எழுதுவீர்கள்.