1,500 ரிங்கிட்டில் முதல் கேமரா: சுங்கை சிப்புட் மாணவர்களுக்குப் பதில்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படமெடுப்பது என் தொழில். கேமரா வாங்க ஆலோசனை கேட்டு மாணவர்கள் அனுப்பிய கேள்விகளைச் சுருக்கிக் கொடுத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன். நிழற்படம் தொடர்பானவற்றுக்கு மட்டுமே பதில் சொல்வேன். காணொளியிலும் டிரோனிலும் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் ஈப்போவில் இருக்கிறார்கள்.

கேள்வி (லிந்தாங், படிவம் 6 மாணவி): வார இறுதிகளில் வேலை செய்து 1,500 ரிங்கிட் சேர்த்திருக்கிறேன் அண்ணா. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவையும், இன்னும் ரப்பர் பால் வெட்டப் போகிற என் பாட்டியையும் படமெடுக்க வேண்டும். புதிய கேமரா வாங்குவதா, பழையதா?

பதில்: பழையதுதான், தங்கச்சி. 24 மெகாபிக்சல் சென்சார் 2012இலேயே நிக்கான் டி3200 போன்ற தொடக்கநிலைக் கேமராவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த முன்னேற்றங்களில் பெரும்பாலானவை காணொளிக்கும் வேகமான ஃபோகஸுக்கும் உதவுகின்றனவே தவிர, நின்று நிதானித்து எடுக்கும் நிழற்படத்தில் பெரிய வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆகவே 2013, 2014ஆம் ஆண்டுகளில் வந்த கேமரா ஒன்றை நல்ல நிலையில் வாங்கி, மிச்சப்படும் பணத்தை லென்ஸில் போடுவதே உங்களுக்கு ஏற்றது.

கேமராவோடு வருகிற 18-55 மி.மீ. கிட் லென்ஸ், 55 மி.மீ. முனையில் எஃப்/5.6 அளவுக்கு மட்டுமே திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு அகலமாகும்). 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். குழல் விளக்கு ஒன்று மட்டும் எரிகிற கோயில் மண்டபத்தில், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 3200 வைத்த பிறகும் கிட் லென்ஸில் ஷட்டர் வேகம் 1/13 விநாடிக்கு மேல் ஏறவில்லை என்றால், அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் 1/125 விநாடியைத் தரும். 1/13 விநாடியில், சூடம் ஏற்றிய தட்டை ஏந்திய பூசாரியின் கை கலங்கிய புகையாகத்தான் பதியும். 1/125 விநாடியில் விரல்கள் விரல்களாகத் தெரியும்.

ஆனால் இந்தக் கேமராக்களில் உள்ள ஏ.பி.எஸ்-சி என்ற சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேமின் (பெரிய சென்சார் கேமராவின்) 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் காட்சியைக் குறுக்கிவிடும். லயன் வீட்டு முன்கூடத்தில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் இரண்டு பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள். அதனால் 35 மி.மீ. லென்ஸைத்தான் பரிந்துரைக்கிறேன். 35 மி.மீ. அளவில் கிட் லென்ஸ் சற்று அகலமாகவே திறக்கும் என்பதால் வெளிச்ச வேறுபாடு ஆறு மடங்கு அளவிலேயே இருக்கும். உங்கள் தேவைக்கு அது போதும். நிக்கான் 2009இல் வெளியிட்ட ஏ.எஃப்-எஸ் 35 மி.மீ. எஃப்/1.8 டி.எக்ஸ். லென்ஸ் பழையதாகத் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்காகவே, கேனன் 700டி, சோனி ஏ6000 ஆகிய இரண்டும் நல்ல கேமராக்கள் என்றபோதிலும், நிக்கான் டி5300ஐ முன்னே வைக்கிறேன். சோனியின் சொந்த எஃப்/1.8 லென்ஸ்கள் மாணவர் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

இதில் கண்ணி ஒன்று உண்டு. நிக்கானின் பழைய ஏ.எஃப். 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்க வேண்டாம். அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள்ளும் (டி5300 உட்பட) மோட்டார் கிடையாது. இரண்டையும் சேர்த்தால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும்.

பாட்டியைப் பற்றி: வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் அவர் விடியலுக்கு முன்பே மரத்தில் கத்தி வைத்துவிடுவார். அந்த நேரத்தில் நிரைக்குள் இருக்கும் ஒரே வெளிச்சம் அவருடைய நெற்றி விளக்குதான். அது பட்டையைச் சீவுகிற கத்தி முனையிலும் புதிதாகக் கசிகிற பால்கோட்டிலும் விழுந்து, அங்கிருந்து தெறித்து அவர் கன்னத்தின் ஒரு பக்கத்தைத் தொடும். ஸ்பாட் மீட்டரிங் வைத்து, அந்தக் கன்னத்தில் வெளிச்சத்தை அளந்து, மற்றதை இருட்டாகவே விட்டுவிடுங்கள். ஃபிளாஷ் போட்டால் மரமும் பால் கோப்பையும் பாட்டியும் ஒன்றாக வெளுத்து, நேரமே தெரியாத படம் ஒன்றுதான் மிஞ்சும்.

பணத்தைப் பிரிக்கும் முறை: கேமராவுக்கும் கிட் லென்ஸுக்கும் சேர்த்து 900 ரிங்கிட்டைத் தாண்டாதீர்கள். 400 ரிங்கிட்டை 35 மி.மீ. லென்ஸுக்கு ஒதுக்குங்கள். மீதமுள்ள 200 ரிங்கிட்டில் முதலில் வாங்க வேண்டியது டிரை பாக்ஸ் (ஈரம் புகாத பெட்டி); மெமரி கார்டும் கூடுதல் பேட்டரியும் அதற்குப் பிறகுதான். நம் நாட்டு ஈரப்பதத்தில் லென்ஸைத் துணி அலமாரியிலோ கேமராப் பையிலோ மாதக்கணக்கில் வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி (செம்மோர்): எத்தனை மெகாபிக்சல் இருந்தால் நல்லது?

பதில்: 16 போதும். 24 இருந்தால் ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்கு மேல் வைத்து அச்சிடலாம். அதற்கு மேல் உள்ளதைக் கைத்தொலைபேசியில் பார்ப்பவர் யாருக்கும் கண்டுபிடிக்கத் தெரியாது.

கேள்வி (சாலாக், கல்லூரி மாணவர்): 83 மடங்கு சூம் உள்ள நிக்கான் பி900ஐ என் மாமா குறைந்த விலைக்குத் தருகிறார். லென்ஸ் மாற்றும் தொல்லையும் இல்லை. வாங்கிக்கொள்ளட்டுமா?

பதில்: உங்கள் ஆசை இருவாட்சிப் பறவையும் நிலவும் என்றால் வாங்குங்கள், பகல் வெளிச்சத்தில் அது அருமையான கருவி. திருவிழாவும் மனித முகங்களும் என்றால் வேண்டாம். அதன் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மி.மீ. மட்டுமே. நான் மேலே சொன்ன நிக்கானின் சென்சார் 23.5க்கு 15.6 மி.மீ.; பரப்பளவில் இதைப்போல் 13 மடங்கு வரும். போதாக்குறைக்கு, பி900 படத்தை ரா கோப்பாக (சென்சார் பதிந்த தகவல் முழுவதும் உள்ள கோப்பாக) சேமிக்காது. ஆகவே இரவில் எடுத்த படத்தைப் பிறகு கணினியில் மீட்டெடுக்கும் வாய்ப்பும் குறைவு. மாமாவின் மனம் கோணாமல் மறுப்பது எப்படி என்பது என் துறையில் வராது, தம்பி.

கேள்வி (சுங்கை சிப்புட், மூவர் தனித்தனியாகக் கேட்டது): கேனனா, நிக்கானா?

பதில்: எதன் லென்ஸ் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறதோ அது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஈப்போ, போலிடெக்னிக் மாணவி): இணையத்தில் பார்த்த கேமராவை நேரில் வாங்கப் போகிறேன். எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. பகலில், வெளிச்சமான கோப்பிக் கடையில் சந்தியுங்கள். கருவியைக் கையில் வாங்கிப் பார்க்கும் முன் ஒரு வெள்ளிகூட விற்பவரின் வங்கிக் கணக்கில் போடாதீர்கள்.

முதலில் லென்ஸ். அதைக் கழற்றி, பின்பக்கமாகக் கண்ணை வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கைத்தொலைபேசியின் டார்ச்சைச் சற்றுச் சாய்த்து அடியுங்கள். நாலைந்து தூசுத் துகள்கள் தெரிந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். படத்தில் அவை விழாது. சிலந்தி நூல் போன்ற கிளைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. பாதி விலைக்குத் தந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். துடைத்துத் தருகிறேன் என்பார்கள். கண்ணாடிப் பூச்சை அது அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது.

அடுத்து சென்சார். எஃப்/16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவர் ஒன்றைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் சில இருந்தால் சுத்தம் செய்யும் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம். உங்கள் சொந்த மெமரி கார்டைப் போட்டு எடுத்தால், அந்தப் படங்களை வீட்டுக் கணினியிலும் பார்க்க முடியும். நிக்கான் கேமராக்கள் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணைப் படக்கோப்பிலேயே எழுதிவைக்கின்றன. கேனனின் தொடக்கநிலைக் கேமராக்கள் பொதுவாக எழுதுவதில்லை. டி5300இன் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. அந்த எண்ணைத் தாண்டினால் மறுநாளே நின்றுவிடும் என்பதில்லை. விலை பேச அது உதவும். பேட்டரிக் கதவு, கார்டு நுழையும் இடம், ஃபிளாஷ் மாட்டும் இடம் ஆகியவற்றில் துரு இருந்தால், அந்தக் கேமரா மழையிலோ ஈரமான அறையிலோ வாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

விற்பவரிடம் இதுவரை எதில் வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். டிரை பாக்ஸைக் காட்டினால் நம்பிக்கையோடு மேலே பேசலாம்.

கேள்வி (ஈப்போ, திருமணப் படக்கலைஞர்): நீங்கள் மாணவர்களைச் செத்த குதிரையில் ஏற்றுகிறீர்கள். டி5300 போல உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் காலம் முடிந்துவிட்டது. நாளைக்கு லென்ஸுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? ஏ6000 போல அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்கச் சொல்லுங்கள்.

பதில்: கேனனும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் அறிமுகப்படுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. நீங்களும் நானும் தொழிலுக்காக இன்று புதிதாக வாங்கினால் மிரர்லெஸ்தான் வாங்குவோம். ஆனால் எல்லாரும் அதை விட்டு ஓடுவதால்தான் அதன் விலை இறங்கியிருக்கிறது. அந்த இறக்கத்தில் மாணவர்கள் ஏறிக்கொள்ளட்டும் என்பதே என் வாதம். கேனன் டி.எஸ்.எல்.ஆர்.களில் பொருந்தும் இ.எஃப். லென்ஸ்கள் 1987இலிருந்து வந்துகொண்டிருந்தவை. அவற்றைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை.

மிரர்லெஸ் என்றாலே எதிர்காலம் உறுதி என்பதும் சரியல்ல. கேனன் 2012இல் தொடங்கிய இ.ஓ.எஸ். எம் வரிசையும் மிரர்லெஸ்தான். அதை அந்த நிறுவனமே கைவிட்டுவிட்டது. அதன் இ.எஃப்-எம் லென்ஸ்கள் 2018இல் வந்த, கேனனின் அடுத்த மிரர்லெஸ் வரிசையான ஆர்.எஃப். கேமராக்களில் பொருந்தவும் மாட்டா. இதற்கு மாறாக, பழைய இ.எஃப். லென்ஸ்கள் அடாப்டர் (இணைப்பு வளையம்) மூலம் ஆர்.எஃப். கேமராவில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்கின்றன. நிக்கானின் ஏ.எஃப்-எஸ் லென்ஸ்களும் எஃப்.டி.இஸட். அடாப்டர் வழியாக இஸட் மிரர்லெஸ் கேமராவில் வேலை செய்கின்றன. லிந்தாங் தங்கச்சி நாளைக்குச் சம்பாதித்து மிரர்லெஸ் வாங்கும்போது, 35 மி.மீ. லென்ஸை எறிய வேண்டியிராது.

கேள்வி (அதே கலைஞர்): கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்கிற வசதி பழைய கேமராவில் உண்டா? மிரர்லெஸ்ஸின் எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு திரையில்) வெளிச்ச அளவை எடுக்கும் முன்பே பார்க்கலாமே! கற்றுக்கொள்பவருக்கு அதுதானே எளிது?

பதில்: இரண்டாவதை முழுமையாக ஏற்கிறேன். எடுக்கும் முன்பே படம் இருட்டா வெளுப்பா என்று தெரிவது தொடக்கக்காரருக்குப் பெரிய உதவி. அதனால்தான் சோனி ஏ6000ஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடிய விடிய நடக்கும் திருவிழாவுக்கு அதைக் கொண்டுபோகிறவர் இரண்டு, மூன்று பேட்டரிகளையும் கொண்டுபோக வேண்டும். தரநிலைச் சோதனையில் அது ஒரு பேட்டரிக்கு ஏறத்தாழ 360 படங்கள் தருகிறது. டி5300 தருவது 600. கண்ணை அடையாளம் காணும் ஃபோகஸ் உங்கள் புதிய கேமராவில் வியக்கத்தக்கதுதான். 1,500 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் பழைய மிரர்லெஸ்ஸில் அது நீங்கள் நினைக்கிற தரத்தில் இருக்காது.

கேள்வி (கோலகங்சார், ஆசிரியை): இருவரும் எடையை மறந்துவிட்டீர்கள். என் மாணவிகள் புத்தகப் பையோடு பேருந்தில் போகிறவர்கள். கனமான கேமரா வீட்டிலேயே தங்கிவிடும்.

பதில்: நியாயம், டீச்சர். பேட்டரியோடு ஏ6000 344 கிராம். டி5300 சுமார் 530 கிராம். தினமும் பையில் இருக்க வேண்டும் என்பவர் சோனியை எடுத்து, கையால் ஃபோகஸ் செய்கிற மலிவான சீன 35 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஈப்போ அண்ணன் வென்றதாகவே இருக்கட்டும். மிரர்லெஸ் பற்றி இனி வருகிற கேள்விகளை நான் எடுக்கப் போவதில்லை.

கேள்வி (சுங்கை சிப்புட்): 1,000 ரிங்கிட்டுக்கு எது நல்லது அண்ணா?

பதில்: கேனன் 600டி, 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்.டி.எம். லென்ஸ், டிரை பாக்ஸ். மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் வாங்க வேண்டாம்.

கேள்வி (தஞ்சோங் மாலிம், பல்கலைக்கழக மாணவர்): பி.டி.பி.டி.என். கடன் பணம் வந்துவிட்டது. ஃபுல் ஃப்ரேம் வாங்கி, திருமணம் எடுத்துக் கடனை அடைத்துவிடலாம் அல்லவா?

பதில்: அது படிப்புக்கு வந்த கடன்; அதில் கைவைக்காதீர்கள். திருமணத்துக்கு இரண்டு கேமராவும் இரண்டு ஃபிளாஷும் வேண்டும், தாலி கட்டும் நேரத்தில் ஒன்று நின்றுபோனால் மற்றொன்றைத் தூக்க வேண்டும். முதலில் யாரிடமாவது உதவியாளாகப் போய்ப் பை சுமந்து பாருங்கள்.

கேள்வி (சுங்கை சிப்புட்): கேனனா, நிக்கானா, சோனியா?

பதில்: மேலே.

கேள்வி (லிந்தாங்): டிரை பாக்ஸுக்குப் பதிலாக அரிசி டப்பாவில் வைக்கலாமா?

பதில்: வைக்கக் கூடாது. அரிசித் தூசு லென்ஸ் வளையத்துக்குள் போகும். ஈரத்தையும் அது போதிய அளவு இழுக்காது. காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய மானியும் வைத்தால் அதுவே டிரை பாக்ஸ். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். 30க்குக் கீழே போனாலும் ரப்பருக்கு நல்லதல்ல. நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். தோல் உறையைக் கழற்றிவிட்டுக் கேமராவை மட்டும் உள்ளே வையுங்கள்; பூஞ்சைக்குத் தோல் பிடித்தமான இடம்.

கேள்வி (செம்மோர்): மெமரி கார்டு எந்த அளவில் வாங்க வேண்டும்?

பதில்: 32 ஜி.பி. போதும். மலிவாக விற்கும் பெரிய கார்டுகளில் போலி அதிகம். மேலே 128 என்று எழுதியிருக்கும், உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. வாங்கிய அன்றே கார்டு நிறையும்வரை படமெடுத்து, கணினிக்கு மாற்றி, கடைசிப் படமும் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால், ரசீதோடு மறுநாளே கடைக்குப் போங்கள்.