கூழ் என்று தேடினால் கிடைக்காது

டர்பனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் தகவல் மேசையில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற்றுவிட்டேன், கேள்விகள் ஓய்வு பெறவில்லை. கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது போனை நீட்டி, “அக்கா, இந்தக் கட்டுரை ஏன் திறக்கவில்லை?” என்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்கள் முழுக்கப் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கப் பல்கலைக்கழக நூலகம் தரும் இணையத் தரவுத்தளங்களைப் பற்றியே இருப்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, ஆனர்ஸ் ஆய்வுக்கு ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழக்கத்தை எடுத்திருக்கிறேன். நூலகத் தரவுத்தளங்களில் “மாரியம்மன், கூழ், டர்பன்” என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒன்றுமே வருவதில்லை. “தமிழ்” என்று மட்டும் போட்டால் இலங்கைப் போரைப் பற்றி வந்து குவிகிறது. நம்மைப் பற்றி யாருமே எழுதவில்லையா?
— சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: எழுதியிருக்கிறார்கள் தங்கச்சி, நீ கேட்ட பெயரில் எழுதவில்லை, அவ்வளவுதான். உன் வீட்டுக்குக் கோயிலிலிருந்து போன் வந்தால் என்ன சொல்வார்கள்? “ஞாயிற்றுக்கிழமை போரிட்ஜ் பிரேயர், வந்துவிடுங்கள்” என்றுதானே. இந்த ஊரில் கூழ் போரிட்ஜ் ஆகிப் பல காலம் ஆயிற்று. அதே சொல்லைத் தேடல் பெட்டியில் போட்டுப் பார்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். நம் ஊர்க் கோயில் பலகைகள் சிலவற்றில் மாரியம்மன் “மென்” என்று முடிவாள், இந்தியாவில் எழுதுகிறவர்கள் “மன்” என்று முடிப்பார்கள், இன்னொருவர் நடுவில் ஒரு ஒய் சேர்ப்பார். காவடி இங்கே ஒய்யில் முடியும், சிங்கப்பூர்க் கட்டுரைகளில் ஐயில் முடியும். புரட்டாசியை நாம் “பர்டாசி” என்று எழுதுவதைச் சென்னைக்காரர் பார்த்தால் வேறு பண்டிகை என்று நினைப்பார். மனிதர் என்றால் ஊகித்துக்கொள்வார், தரவுத்தளத்துக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. காவடிக்குக் கே, ஏ, வி, ஏ, டி என்று ஐந்து எழுத்து மட்டும் அடித்து நட்சத்திரக் குறி போட்டால், அதற்குப் பிறகு எது வந்தாலும் அள்ளிக்கொண்டு வரும். எழுத்து நடுவில் மாறுகிற பெயர்களுக்கு ஒவ்வொரு வடிவத்தையும் எழுதி, இடையில் ‘அல்லது’ என்று பொருள்படும் “ஆர்” என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடு. ஜேஸ்டோர் என்ற கட்டுரைத் தரவுத்தளம், சிறிய எழுத்தில் போட்டால் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. விரிவான தேடல் பக்கத்தில் பெட்டிகள் தனித்தனியாக இருக்கும். முதல் பெட்டியில் மாரியம்மனின் எல்லா வேஷமும், இரண்டாவதில் போரிட்ஜ், மூன்றாவதில் நேட்டால், டர்பன், தென்னாப்பிரிக்கா. 1994க்கு முன் எழுதியதில் நம் மாகாணத்தின் இன்றைய பெயரான குவாசுலு-நேட்டால் பெரும்பாலும் இருக்காது, அதனால் நேட்டாலை விட்டுவிடாதே.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கசக்கிறது. பழைய காலத்து எழுத்தில் நாம் தமிழர் இல்லை. “இந்தியர்”, “ஏஷியாட்டிக்”, “மதராஸி”, “ஹிண்டூ” என்பதில் இரண்டு ஓ. நூலகப் பட்டியல்களிலோ வெகுகாலம் “ஈஸ்ட் இந்தியன்ஸ்” என்ற பொருள் தலைப்புக்குள் உட்கார்ந்திருந்தோம். நேட்டால் அரசு 1872இல் நம் ஆட்களின் குறைகளை விசாரித்த குழுவின் பெயரே கூலி கமிஷன். அந்தச் சொல்லைத் தேடல் பெட்டியில் அடிக்க எனக்கு இன்றும் விரல் கூசும். ஆனாலும் அடிப்பேன், ஏனென்றால் அந்தக் காலத்து அறிக்கைகள் அந்தப் பெயருக்குத்தான் வாய் திறக்கும்.

எங்கே தேடுகிறாய் என்பதும் முக்கியம். ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளம் சாதாரணமாகத் தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் இவற்றில்தான் தேடும். கரும்புத் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிய கட்டுரையின் பதினான்காம் பக்கத்தில் மாரியம்மன் வந்தால் அதன் கண்ணில் படமாட்டாள். ஜேஸ்டோர் கட்டுரை முழுவதையும் துழாவும். ஆனால் அங்கே பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து வருடத்துக் கட்டுரைகள் இருக்காது, பதிப்பகத்தோடு அப்படி ஓர் ஏற்பாடு. தென்னாப்பிரிக்க இதழ்களுக்கு சபினெட் என்ற தரவுத்தளத்துக்குப் போ. ஆய்வேடுகளுக்கு உன் பல்கலைக்கழகத்தின் சொந்தக் களஞ்சியம் இருக்கும், அதில் நிறையக் கிடைக்கும், காசும் இல்லை. ஒரே ஒரு நல்ல கட்டுரை அகப்பட்டால் போதும், அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போ, அதை மேற்கோள் காட்டியவர்களைப் பிடித்து முன்னால் வா. பாதி ஆய்வு அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: நூலகம் எல்லாம் இலவசம் என்கிறது. வீட்டிலிருந்து கூகுளில் தேடிக் கட்டுரையைத் திறந்தால் 39 டாலர் கேட்கிறது. ராண்டில் கணக்குப் போட்டுப் பார்த்து மூடிவிட்டேன். யார் பொய் சொல்கிறார்கள்?
— ஃபீனிக்ஸ் மாணவர்

பதில்: யாரும் பொய் சொல்லவில்லை தம்பி. நீங்கள் வாசல் வழியாகப் போகாமல் சுவரோரமாகப் போய் நின்றிருக்கிறீர்கள். வளாகத்துக்குள் இருக்கும்போது உங்கள் கணினியின் இணைய முகவரியைப் பார்த்தே பதிப்பகம் கதவைத் திறக்கும். வீட்டிலிருந்து போனால் நீங்கள் யாரோ. அதனால் முதலில் நூலகத்தின் பக்கத்துக்குப் போய், மாணவர் எண்ணைக் கொடுத்து, அங்கிருந்து தரவுத்தளத்துக்குள் நுழையுங்கள். கூகுள் ஸ்காலரை விட மனமில்லை என்றால் அதன் அமைப்புகளில் நூலக இணைப்புகள் என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் நூலகம் அந்த வசதியைச் செய்து வைத்திருந்தால், கட்டுரைக்குப் பக்கத்திலேயே நூலகத்தின் கதவு தெரியும். நூலகத்தில் இல்லாத கட்டுரைக்கும் டாலர் கொடுக்காதீர்கள், நூலகங்களுக்கு இடையே கடன் வாங்கித் தரச் சொல்லலாம்.

இதோடு ஒன்று. முகவரிப் பட்டையில் தெரியும் நீளமான முகவரியைச் சேமித்து வைக்காதீர்கள். பல தரவுத்தளங்களில் அது அன்றைக்கு மட்டும் உயிரோடிருக்கும். ஒரு மாணவி மின்வெட்டு வரப்போகிறது என்று அவசர அவசரமாக நாற்பது முகவரிகளைத் தனக்கே மின்னஞ்சல் செய்துகொண்டு போனாள். மறுநாள் காலை வந்து என் மேசைமேல் தலையைக் கவிழ்த்தாள், நாற்பதும் செத்துப்போயிருந்தன. நிரந்தர இணைப்பு என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள், அல்லது அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பிடிஎஃப்பையே இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். எங்கள் தமிழ்ப் பள்ளி மலருக்காகத் தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி எழுத வேண்டும். பேத்தி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அவளுடைய பாஸ்வேர்டைத் தருகிறேன் என்கிறாள். வாங்கிக்கொள்ளலாமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. பேத்தியின் நல்ல மனசுக்கு நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் விரிவுரையாளர் ஒருவர் தன் கடவுச்சொல்லை உறவுக்காரப் பையனுக்குக் கொடுத்தார். பையன் ராத்திரியோடு ராத்திரியாக ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளையும் இறக்க ஆரம்பித்தான். காலையில் பதிப்பகம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கதவைச் சாத்திவிட்டது. அப்போது பரீட்சை வாரம். திட்டு முழுவதும் நூலகத்து மேசைக்குத்தான் வந்தது, அந்த விரிவுரையாளரும் வரிசையில் நின்று எங்களைத் திட்டினார்.

உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஜேஸ்டோரில் உங்கள் பெயரில் இலவசக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள்வரை திரையில் படிக்கலாம், இறக்க மட்டும் முடியாது. மலருக்குக் கட்டுரை எழுத நூறு தாராளம். பல ஒப்பந்தங்களில், நூலகக் கட்டடத்துக்குள் நேரில் வந்து உட்காரும் வெளியாள் தரவுத்தளங்களைப் பார்க்க அனுமதி உண்டு, பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நீங்களே அங்கே படித்தவர் என்றால் பழைய மாணவருக்கு என்ன வசதி என்றும் கேளுங்கள். கேட்காதவருக்கு அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

வள்ளியம்மைக்கு மூலமே இணையத்தில் இருக்கும்போது கட்டுரைகளை மட்டும் நம்ப வேண்டாம். 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையின் பழைய இதழ்கள் காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல் என்ற இணையதளத்தில் படங்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அது தமிழிலும் அச்சான பத்திரிகை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெண் இறந்தது 1914 பிப்ரவரி 22. அதற்கு அடுத்த வாரங்களின் இதழ்களைப் புரட்டுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் இருபது மேற்கோள் தருகிறது. பிறகு தரவுத்தளம் எதற்கு?
— லெனேசியா வாசகர்

பதில்: அந்த இருபதில் எத்தனை நிஜம் என்று பார்ப்பதற்கு. தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். இதழின் பெயர் சரி, தொகுதி எண் சரி, ஆசிரியரும் உண்மையான ஆள், ஆனால் அந்தக் கட்டுரையை அவர் எழுதியதே இல்லை என்று வரும். அப்படியொரு கட்டுரையை ஒரு பையனுக்காக நானே ஒரு மத்தியானம் முழுக்கத் தேடியிருக்கிறேன். தேநீர் ஆறியதுதான் மிச்சம்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று எந்தத் தரவுத்தளத்தில் பார்ப்பது அக்கா?
— டோங்காட் வாசகர்

பதில்: ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களில் இதைத் தேடி நாளை வீணாக்காதீர்கள் அண்ணா. உங்களுக்கு வேண்டியது கப்பல் பட்டியல். மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ 342 பேரோடு டர்பன் வந்தது 1860 நவம்பர் 16. அன்று தொடங்கி 1911வரை 1,52,184 பேர் வேலை ஒப்பந்தத்தில் வந்தார்கள், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள், காலனி எண் என்பார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதியிருக்கும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, இந்தப் பட்டியல்களைப் பற்றி அங்கே கேட்கலாம்.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் திண்டாடுவீர்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். முதலியார் மூட்லி ஆனதும் கவுண்டர் கோவெண்டர் ஆனதும் உங்களுக்கே தெரியும், முனுசாமியை அவன் என்னவெல்லாம் பண்ணியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். எண் இருந்தால் ஒரு நிமிட வேலை. அது பெரும்பாலும் அவர் பிள்ளைகளின் பழைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும், கல்யாணப் பதிவிலும் இருக்கலாம். ஆயாவின் இரும்புப் பெட்டியில் துணிக்கு அடியில் மடித்து வைத்த பழுப்புத் தாள் ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரித்துப் பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டு, அப்புறம் போங்கள்.