அடுத்த வெடி ஏறாத துவக்கு: வாங்கியோர் கேள்விகளும் பதில்களும்

கச்சானும் சோளமும் காய்க்கும் காலத்தில் வட இலங்கையின் வன்னியில் குரங்குகள் தோட்டத்துக்கு வருகின்றன. துவக்குகளைப் பற்றிய கடிதங்கள் எனக்கு வருகின்றன. இம்முறை வந்தவற்றுள் சிலவற்றைச் சுருக்கி, பெயர்களை நீக்கித் தருகிறேன்.

கேள்வி: மாங்குளத்தில் பிறந்து, இப்போது கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு பண்ணையில் இருக்கிறேன். உரிய அனுமதிப்பத்திரத்துடன் .22 அளவுள்ள அரைத் தானியங்கித் துவக்கு ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினேன். நாலைந்து வெடிக்கு ஒருமுறை வெற்றுக் கோது (வெடித்த தோட்டாவின் உறை) வெளியே போகாமல் சிக்கிக்கொள்கிறது. விற்றவரோ தன்னிடம் ஒழுங்காக இயங்கியது என்கிறார். அவர் என்னை ஏமாற்றிவிட்டாரா?

பதில்: எந்தத் தோட்டாவைப் போட்டீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதுதான்.

இவ்வகைத் துவக்கில் கோதைக் கழற்றி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைக் கை செய்வதில்லை. தோட்டாவின் முனையிலுள்ள ஈயக் குண்டான சன்னத்தை முன்னே தள்ளும் அதே அழுத்தம் வெற்றுக் கோதைப் பின்னே தள்ளுகிறது. கோது தனக்குப் பின்னால் அறையை மூடி நிற்கும் பாரமான உலோகத் துண்டை, அதாவது போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட் பின்னே போகும் வழியில் கோதை வெளியே எறிந்துவிட்டு, சுருள்வில்லின் விசையால் திரும்பி வரும்போது, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மகசீனிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்து அறைக்குள் ஏற்றுகிறது. இத்தனை வேலைக்கும் வேண்டிய வலு வெடித்த அந்த ஒரு தோட்டாவிலிருந்தே வர வேண்டும். சத்தம் குறைவென்று விற்கப்படும், ஒலியின் வேகத்தை எட்டாத தோட்டாவைப் போட்டால் குறிக்குப் போவதற்கு அது போதும். ஆனால் பல துவக்குகளில் போல்ட்டை முழுத் தூரம் தள்ளுவதற்குப் போதாது. பாதி வழியில் திரும்பும் போல்ட், வெளியேறிக்கொண்டிருக்கும் கோதை நெரித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் எழுதியிருப்பது ஏறத்தாழ அந்தக் காட்சியே.

ஆகவே கையேட்டைப் பார்த்து, அது அனுமதித்தால், 40 கிறெயின் (ஏறத்தாழ 2.6 கிராம்) எடையுள்ள சன்னமும் வினாடிக்கு 380 மீற்றர் அளவில் வேகமும் உள்ள தோட்டாவில் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். கோளாறு மறைந்தால் துவக்கில் குற்றமில்லை. மறையாவிட்டால், துவக்கில் தோட்டா ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பின், தோட்டா அமரும் அறையைத் துப்புரவு செய்யுங்கள். .22 தோட்டாவின் ஈயச் சன்னத்தில் மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள். அது கரியுடன் சேர்ந்து அறையின் சுவரில் படிய, கோது அங்கே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கோதின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் சிறிய கொக்கியைப் பாருங்கள்: அதன் முனை மழுங்கியிருக்கலாம், அல்லது அதன் அடியில் அழுக்கு இறுகியிருக்கலாம். வேறு மகசீன் ஒன்று இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள். கோது வெளியேறி, அடுத்த தோட்டா மட்டும் ஏறாமல் நின்றால் பழி பெரும்பாலும் மகசீனுக்கே உரியது. உங்கள் நாட்டுக் குளிரில் எண்ணெய் தடித்துப் போல்ட்டின் ஓட்டத்தை மந்தமாக்கும் என்பதால், அங்கே எண்ணெயைத் தாராளமாக விடுவது கெடுதல். முன்பு வைத்திருந்தவர் சுருள்வில்லை மாற்றிக் கடினமானதைப் பூட்டியிருந்தாலும் இதே கோளாறு வரும். அதை விற்றவரிடமே கேட்கலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

இரண்டு எச்சரிக்கைகள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும் என்பதால், ஆபத்தில்லாத திசையில் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடம் காத்திருங்கள். வெடிச் சத்தம் வழக்கத்தை விட மெலிந்து கேட்டால் அடுத்ததைச் சுடவே வேண்டாம். சன்னம் குழாய்க்குள் நின்றிருக்கக்கூடும், அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழாய் பிளக்கும். இவற்றையெல்லாம் பார்த்தும் சரிவராவிட்டால் உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநரிடம் கொடுங்கள்; போல்ட்டையோ கொக்கியையோ நீங்களே அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

விற்றவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. 2016 அளவில் நான் ஒரு காற்றுத் துவக்கு வைத்திருந்தேன். விலை மலிவென்று ஒரு டப்பா சன்னம் வாங்கி, இருபது முழத்தில் நின்ற தகரப் பேணியில்கூடப் படவில்லை என்ற கோபத்தில் துவக்கைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் சன்னத்தை மட்டும் மாற்றினார். இன்றும் அதையே பாவிக்கிறார்; என்னைக் கண்டால் சிரிக்கிறார்.

கேள்வி: தென்னைக்கு வரும் குரங்குக்கு அரைத் தானியங்கி ஒன்று, பத்திரம் எதுவும் இல்லாமல், மலிவாகத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கினால் பிரச்சினை வருமா? – மல்லாவி

பதில்: வரும். வாங்காதீர்கள்.

கேள்வி: கணவர் இல்லை. அரை ஏக்கர் கச்சான் செய்கிறேன். குரங்கை விரட்டவென்று வாகனத்தில் கொண்டுவந்து விற்ற ஒருவரிடம் 38,000 ரூபாய்க்குத் தவணையில் காற்றுத் துவக்கு வாங்கினேன். மூன்று கிழமையில் சன்னம் வேலியைக்கூட எட்டாமல் விழுகிறது. தொலைபேசியில் கேட்டால், நான் பிழையாகப் பாவித்தேன் என்கிறார். பற்றுச்சீட்டில் ‘சாமான் 1’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. – விசுவமடு

பதில்: அம்மா, பிழை உங்களுடையது என்று நான் நம்பவில்லை. குழாயை மடித்து ஏற்றும் இவ்வகைத் துவக்கின் உள்ளே ஒரு பெரிய சுருள்வில்லும் அதன் முன்னால் ஒரு பிஸ்டனும் உண்டு. விசையை இழுக்கும்போது வில் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நெரிக்க, அந்தக் காற்றே சன்னத்தைத் தள்ளுகிறது. பிஸ்டனின் வாசர் கிழிந்தாலோ, வில் முறிந்தாலோ, குழாய் மடியும் இடத்திலுள்ள றப்பர் வளையம் தேய்ந்தாலோ காற்று வேறு வழியால் போய்விடும். இவற்றுள் கடைசிக் குற்றத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்: துவக்கைப் பாதுகாப்பான மண் மேட்டை நோக்கிப் பிடித்து, குழாய் மடியும் இணைப்பின் மேல் மெல்லிய கடதாசித் துண்டொன்றை வைத்து, சன்னம் போட்டுச் சுடும்போது கடதாசி துள்ளினால் காற்று அங்கேதான் கசிகிறது. றப்பர் வளையம் சில்லறைப் பணத்துக்குக் கிடைக்கும். கடதாசி அசையாமல் வேகம் மட்டும் குறைந்தால் கோளாறு உள்ளே; அதைத் திறக்காதீர்கள், நெருக்கி வைத்த வில் முகத்தில் பாயும். திறந்தால் விற்றவருக்கும் ஒரு சாட்டுக் கிடைத்துவிடும்.

இனிப் பற்றுச்சீட்டு. இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வீட்டிலுள்ளவர்கள் எழுந்து போய்விடுவார்கள். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ‘சாமான் 1’ என்று எழுதுகிறவருக்குத் தான் விற்ற பொருளின் பெயர் தெரியாமல் இல்லை. பெயரையும் மாதிரியையும் தொடரிலக்கத்தையும் எழுதிவிட்டால் நாளைக்கு ‘இது நான் விற்றதல்ல’ என்று சொல்ல முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சனமோ வாங்கும் மகிழ்ச்சியில் அந்தத் துண்டைப் படிப்பதில்லை. படித்தாலும், எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் மனிதரைச் சந்தேகிப்பதாகிவிடுமே என்று கூச்சப்படுகிறது. இரண்டு ஆயிரம் ரூபாய்ச் சீட்டுப் பணத்துக்குக் கொப்பியில் கையெழுத்து வாங்குகிற நாங்கள், 38,000 ரூபாய்க்குக் கூச்சப்படுகிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், கேட்கும் பாவனையாளருக்கு வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. கேட்பது உங்கள் உரிமை; அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பொருளின் பெயர், மாதிரி, தொடரிலக்கம், விலை, தேதி, உத்தரவாதக் காலம், விற்றவரின் முகவரி ஆகிய ஏழும் இல்லாத துண்டை நான் பற்றுச்சீட்டு என்று ஒப்புக்கொள்வதில்லை. ‘உத்தரவாதம் வாயால் சொன்னார்’ என்று எனக்கு எழுதுகிறவர்கள், அந்த வாயைத் தேடிப் பிடித்துத் தரும்படி என்னையே கேட்கிறார்கள்.

உங்கள் நிலை கைவிட்டுப் போகவில்லை. அதே சட்டத்தின்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு மூன்று கிழமைதான் ஆகியிருக்கிறது. கடிதத்தில் நாள், விலை, கட்டிய தவணை, துவக்கில் பொறித்திருக்கும் தொடரிலக்கம், அவரின் தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம் தெரிந்தால் அது, வாங்கும்போது நின்ற அயலவர் இருவரின் பெயர் ஆகியவற்றை எழுதி, ‘சாமான் 1’ துண்டின் பிரதியையும் இணையுங்கள். அந்தத் துண்டில் அவருடைய கையெழுத்து இருந்தால் அது நீங்கள் நினைப்பதை விடப் பெறுமதியானது. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. எந்த நோக்கத்துக்கென்று சொல்லி வாங்குகிறோமோ அந்த நோக்கத்துக்குப் பொருள் உதவ வேண்டும் என்ற கொள்கை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. கச்சானுக்குக் குரங்கு வருகிறது என்று நீங்கள் அவரிடம் சொன்னதையும் மறவாமல் எழுதுங்கள்.

கேள்வி: எனது காற்றுத் துவக்கு சுடும்போது புகை வருகிறது, சத்தமும் முன்பை விடக் கூட. வலு ஏறிவிட்டதா? தேங்காய் எண்ணெய் மட்டும்தான் விட்டேன். – ஒட்டுசுட்டான்

பதில்: நெரிபடும் காற்றின் சூட்டில் அந்த எண்ணெய் எரிகிறது, டீசல் இயந்திரத்தில் நடப்பதும் இதுதான். வலு ஏறியதென்று மகிழ வேண்டாம், வாசர் கருகுகிறது. கையேட்டில் எங்கே எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறது என்று பார்த்தீர்களா? கையேடு எங்கே?

கேள்வி: காடு வெட்டும்போது மண்ணுக்குள் துருப்பிடித்த துவக்கொன்று கிடைத்தது. போல்ட் அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் இளகுமா? – துணுக்காய்ப் பக்கம்

பதில்: கையை எடுங்கள். உள்ளே தோட்டா இருக்கலாம், பக்கத்தில் அதைவிட மோசமானதும் இருக்கலாம். வந்த தடத்திலேயே திரும்பிப் போய், தூரத்தில் அடையாளம் வைத்து, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். இந்த மண்ணில் இதைப் பாவித்த பொருள் என்று பார்க்க முடியாது.

கேள்வி: பயிர்ப் பாதுகாப்புக்கென மாவட்டச் செயலகத்தில் அனுமதி பெற்ற ஒற்றைக் குழல் துவக்கு வைத்திருக்கிறேன். மாரி தொடங்கியதும் தோட்டா அறைக்குள் முழுதாகப் போவதில்லை. சுட்ட கோதும் இறுகி நிற்கிறது. – நெடுங்கேணி

பதில்: தோட்டாவின் உறை கடதாசியானால் ஈரத்தில் அது பருத்திருக்கும். அடுப்படிக்கு மேலேயும் கூரைத் தாழ்வாரத்திலும் தோட்டா வைப்பவர்களை நான் அறிவேன். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும். பருத்தவற்றைத் தட்டி ஏற்ற வேண்டாம், வெயிலில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கவும் வேண்டாம். அவற்றை என்ன செய்வதென்று தோட்டா விற்ற அனுமதி பெற்ற வியாபாரியிடமோ பொலிசிடமோ கேளுங்கள். புதியவற்றை மூடி இறுகும் பேணியில், பூட்டுள்ள அலுமாரியில் வையுங்கள். புதியதும் போகாவிட்டால் அறையில் துரு ஏறியிருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

கேள்வி: மயிலுக்குக் காற்றுத் துவக்கில் 4.5 மில்லிமீற்றர் போதுமா, 5.5 வேண்டுமா? – செட்டிகுளம்

பதில்: இரண்டும் வேண்டாம். மயிலைச் சுட்டால் வழக்கு வரலாம். நெல் போன வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. நீதவான் அதைக் கேட்கமாட்டார்.

கேள்வி: பிளாஸ்ரிக் குழாயில் காபைட் போட்டு வெடிக்கும் குழாய்த் துவக்கு வாங்கினேன். ஒருமுறை வெடிக்கிறது, இருமுறை வெடிக்கவில்லை. என்ன செய்யலாம்? – புதுக்குடியிருப்பு

பதில்: நானும் வாங்கினேன். வெடிக்காத மூன்றாம் முறை, ஏன் என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கப் போனேன். மகன் தோளைப் பிடித்து இழுத்ததால் புருவம் மட்டும் கருகியது. தண்ணீர் பட்ட காபைட்டிலிருந்து வரும் வாயு சரியான அளவில் காற்றுடன் கலந்தால்தான் பற்றும். அந்த அளவைக் கையால் கணிக்க ஒருவராலும் முடியாது. பற்றாததென்று நினைத்தது சில விநாடி கழித்துப் பற்றும், குழாய் பிளந்தால் துண்டுகள் கண்ணுக்குத்தான் வரும். என்னுடையதை அறுத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பாவித்தேன்.

கேள்வி: பத்துச் சன்னம் கொள்ளும், மடித்தவுடன் தானாக ஏற்றும் காற்றுத் துவக்கு வாங்க நினைக்கிறேன். அனுமதி ஒன்றும் தேவையில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். – முள்ளியவளை

பதில்: அப்படியானால் அதையே பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டார். பணம் கொடுப்பதற்கு முன் மாவட்டச் செயலகத்திலும் பொலிசிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். துவக்கைப் பற்றிக் கேட்டால், ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் அது ஒரு சன்னத்தைத் தள்ளும். சுடாமல் இரண்டாம் முறை மடித்தால் குழாய்க்குள் இரண்டு சன்னம் நிற்கும். மறதிக்காரருக்கு ஒற்றைச் சன்ன வகையே பொருத்தம். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.