நிக்கோ தேசியப் பூங்காவுக்கு ‘அனுமதிச் சீட்டு’ வாங்க வேண்டுமா?

கேள்வி: அக்டோபர் கடைசி வாரம் அம்மா, அப்பா, தம்பியுடன் டோக்கியோ போகிறோம். ஒரு நாள் நிக்கோ தேசியப் பூங்காவுக்குப் போய் ஷின்டோ (ஜப்பானின் பூர்வ சமயம்) ஆலயங்களைப் பார்க்க ஆசை. பூங்கா அனுமதிக்குத் தலைக்கு 4,000 ரூபாய் கேட்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா? தம்பி மலையேற வேண்டும் என்கிறான். அம்மாவுக்கு மூட்டு வலி. – ஒரு வாசகி, கோவை

பதில்: கொடுக்காதீர்கள். 1934இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிக்கோவில், நுழையும் இடம் என்று ஒன்று கிடையாது. நம்மூர் சரணாலயம் மாதிரி வேலி, செக்போஸ்ட் எதுவும் இருக்காது. பூங்காவுக்குள்ளேயே விடுதி, கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் இருக்கின்றன. பேருந்திலிருந்து இறங்கினால் பூங்காவுக்குள் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். ரசீதில் யார் பெயர் இருக்கும் என்று அந்த ஏஜென்டிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வாசலே இல்லாத இடத்துக்குச் சாவி விற்பவர்களை வருஷா வருஷம் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

காசு கேட்பது ஆலயங்கள்தான். ஷின்டோ ஆலயமான தோஷோகுவுக்கு 1,600 யென், அங்கேயே கவுன்டரில் வாங்கலாம். பக்கத்தில் ஃபுதாரசான் ஆலயத்தின் முன்வளாகம் இலவசம். ரின்னோஜி புத்தர் கோயில், அதற்குத் தனி டிக்கெட். இவை நெடுங்காலம் ஒன்றாக இருந்தவை. 1868இல் மெய்ஜி அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க உத்தரவிட்டது. அதன் பலனை இன்றைக்கும் வரிசையில் நிற்கும் நாம்தான் அனுபவிக்கிறோம்.

பூங்காவுக்குள் நுழையக் காசு இல்லை என்றேனே, அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அது உங்கள் தம்பிக்கு. சூசென்ஜி ஏரிக்கரையில் நிற்கும் 2,486 மீட்டர் நன்தாய் மலை ஃபுதாரசான் ஆலயத்துக்குச் சொந்தமானது. அந்த மலையே அவர்களுக்குத் தெய்வம். 1872 வரை பெண்கள் அதில் கால் வைக்க முடியாது. ஏறுகிறவர் ஏரிக்கரையில் உள்ள ஃபுதாரசானின் ‘நடு ஆலய’த்தில் பெயரைப் பதிந்து 1,000 யென் கட்ட வேண்டும். இந்தப் பணம் பூங்காவுக்கு அல்ல, ஆலயத்துக்குப் போகிறது. அங்கே நேரில் நின்றுதான் கட்ட முடியும். ஏஜென்ட் வாங்கித் தரும் சமாச்சாரம் இல்லை. மலைப்பாதை ஏப்ரல் 25 முதல் நவம்பர் 11 வரைதான் திறந்திருக்கும், ஆகவே நீங்கள் போகும் வாரத்தில் ஏறலாம். ஆனால் சுமார் 1,200 மீட்டர் செங்குத்து ஏற்றம். காலை 6 மணிக்கே கிளம்பாவிட்டால் அந்த ஆசையை விட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது ரயில். ஜப்பான் முழுக்க ஜே.ஆர். ரயில்களில் சுற்றுவதற்கான ஜே.ஆர். பாஸை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்குத் தாவிவிட்டது. டோக்கியோவின் அசகுசா நிலையத்திலிருந்து நேராக நிக்கோ போகும் தோபு என்ற தனியார் நிறுவன ரயிலில் அது செல்லவும் செல்லாது. தோபு நிறுவனமே வெளிநாட்டுப் பயணிகளுக்கு இரண்டு பாஸ் விற்கிறது. ‘உலகப் பாரம்பரியப் பகுதி’ பாஸ் ஆலயங்களோடு நின்றுவிடும், ஏரிப் பேருந்தில் எடுபடாது. ஏரிக்கு ‘அனைத்துப் பகுதி’ பாஸ் வேண்டும். எதை வாங்கினாலும் அதிவிரைவு ரயிலுக்குத் தனிக் கட்டணம். இதை எளிமையாக ஒரு பலகையில் எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை!

அப்புறம், ஒரே நாளில் ஆலயமும் ஏரியும் மலையும் வேண்டாம். இலை சிவக்கும் பருவத்தில் ஏரிக்கு ஏறும் இரோஹாசகா வளைவுச் சாலையில் வண்டிகள் நகராது. ஐம்பது நிமிடப் பயணம் மணிக்கணக்கில் இழுக்கும். சூசென்ஜி ஏரியோரம் ஒரு இரவு தங்குங்கள். அந்த 4,000 ரூபாய் அறை வாடகைக்கு உதவும். தம்பி விடியற்காலையில் மலைக்குப் போகட்டும், நீங்கள் அம்மா அப்பாவோடு கெகோன் அருவியைப் பாருங்கள்.

தோஷோகுவில் அம்மா தூங்கும் பூனைச் சிற்பத்தோடு நின்றுகொள்ளட்டும். அதற்கு மேல் அந்தக் கால ஆட்சியாளர் இயேயாசுவின் சமாதிக்கு 207 கல்படிகள், கைப்பிடித்து ஏற்றிவிட ஆளும் கிடையாது. அக்டோபர் 31 வரை மாலை 5 மணிக்கு மூடுவார்கள், நவம்பர் பிறந்தால் 4 மணிக்கே. அதற்கு அரை மணி முன்பே கவுன்டரைச் சாத்திவிடுவார்கள்.